மூவார் பலகையும் அம்மாவின் சாமி மேடையும்

மூவாருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வயிற்றுக்காகத்தான் போகிறார்கள். காலையிலேயே தணலில் சுட்டுத் தரும் சாத்தே, நீப்பா ஓலையில் சுற்றிச் சுட்ட ஓத்தாக்-ஓத்தாக், இறால் குழம்பில் மிதக்கும் மீ பண்டோங் என்று அந்த ஊருக்கு ஒரு சாப்பாட்டுப் பட்டியலே இருக்கிறது. ஆற்றங்கரைக் காற்று, பழைய கடைவீடுகள், 1930-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் இப்ராஹிம் பள்ளிவாசல் ஆகியவை சாப்பிட்ட பிறகு காலாற நடப்பவர்களுக்கு. 2012-இல் அரச நகரம் என்ற தகுதியும் ஊருக்குக் கிடைத்தது. பண்டார் மகாராணி என்பது அதன் இன்னொரு பெயர்.

நாங்கள் போனது பலகை வாங்க.

மூவாருக்கு உணவைவிடப் பெரிய ஒரு தொழில் உண்டு. மலேசியா வெளிநாடுகளுக்கு அனுப்பும் தளவாடங்களில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளிலிருந்து போகின்றன. புக்கிட் பாசிர், பக்ரி பக்கம் காரில் போனால் கட்டில், மேசை, நாற்காலி என்று எழுதிய பலகைகள் வரிசையாக வரும். பெரிய தொழிற்சாலைகளில் சில்லறை விற்பனை கிடையாது. ஆனால் அவற்றின் நிழலில் சின்னப் பட்டறைகள் இருக்கின்றன. அளவு சொன்னால் அறுத்துத் தருவார்கள். மிச்சத் துண்டுகளைக் குவித்து வைத்து மலிவாகவும் கொடுப்பார்கள்.

ஜொகூர் பாருவில் இருக்கும் எங்கள் வீட்டு அலமாரி ஒன்றுக்குத் தலையும் காலும் தேவைப்பட்டது. அதற்காகத்தான் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

அட்டைப் பெட்டிக்குள் வந்த அலமாரி

அலமாரி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தெப்ராவ் ஐக்கியாவில் வாங்கிய நான்கு கட்ட அலமாரி. கேலக்ஸ் என்று பெயர். அந்தக் கடை 2017-இல் திறந்தது முதல் ஜொகூர் பாருவில் இந்தக் கட்ட அலமாரி இல்லாத அடுக்குமாடி வீட்டைப் பார்ப்பது அரிது. உயரம் 77 செ.மீ., அகலம் 77 செ.மீ., ஆழம் 39 செ.மீ. ஒவ்வொரு கட்டத்தின் வாயும் 33க்கு 33. தட்டையான அட்டைப் பெட்டியில் வரும். வீட்டில் ஆறுகோணச் சாவி ஒன்றை வைத்துக்கொண்டு அரைமணி நேரத்தில் பூட்டிவிடலாம்.

இப்படித் தட்டையாகக் கட்டி விற்கும் யோசனைக்கு ஒரு கதை சொல்வார்கள். சுவீடனில் 1943-இல் தொடங்கிய வியாபாரம் ஐக்கியா. தொடங்கிய இங்வார் கம்ப்ராடுக்கு அப்போது வயது 17. 1950-களின் நடுவில் அங்கே வேலை செய்த கில்லிஸ் லுண்ட்கிரென் ஒரு மேசையைக் காரில் ஏற்றப் பார்த்தார், இடம் போதவில்லை. கால்களைக் கழற்றிப் பலகைக்கு அடியில் வைத்தார், இடம் கிடைத்தது. அதன் பிறகு கழற்றிய நிலையிலேயே விற்கத் தொடங்கினார்கள். லாரியில் காற்றை ஏற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. அந்த மிச்சம் விலையில் தெரிந்தது.

கட்டத்தின் 33 செ.மீ. அளவு சிலருக்கு உயிர். பழைய இசைத்தட்டு 30 செ.மீ. சொச்சம், அது கட்டத்துக்குள் அளவெடுத்ததுபோல் உட்காரும். இதற்கு முந்தைய வடிவமான எக்ஸ்பெடிட்டை 2014-இல் நிறுத்தியபோது ஜெர்மனியில் இசைத்தட்டு சேர்ப்பவர்கள் கொதித்துப் போனார்கள். வெளிச்சட்டம்தான் மெலிந்தது, உள்ளளவு மாறவில்லை என்று தெரிந்த பிறகே அமைதியானார்கள்.

ஆக, உலகம் முழுவதும் ஒரே பெட்டி. ஸ்டாக்ஹோமிலும் அதே 33, ஸ்கூடாயிலும் அதே 33. ஆனால் வாங்கியவர்கள் அதை அப்படியே விட்டுவைப்பதில்லை. கதவு போடுகிறார்கள், கால் வைக்கிறார்கள், படுக்கப்போட்டு மெத்தை போடுகிறார்கள், இரண்டைச் சேர்த்துக் கட்டில் செய்கிறார்கள். இப்படிப்பட்ட மாற்றங்களை உலகெங்கிலுமிருந்து திரட்டி ஓர் இணையத்தளத்தில் 2006 முதல் வெளியிடத் தொடங்கியவர் நம் நாட்டுப் பெண்தான், கோலாலம்பூர்க்காரர். ஜூல்ஸ் என்ற தன் புனைபெயரையே அவர் ஒரு நாற்காலியின் பெயரிலிருந்து எடுத்துக்கொண்டார். சுவீடன் பெட்டியை மாற்றி அமைப்பதில் உலகத்துக்கு வழிகாட்டியவர் மலேசியர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

கட்டிலுக்கடியில் இருந்த சாமிகள்

எங்களுக்கு மாற்றம் தேவைப்பட்டதன் காரணம் அம்மா.

அம்மா சிகாமட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பதினைந்து வயதில் பால்மரம் வெட்டப் போனார். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் காலியாகி, நாங்கள் தாமானுக்கு வந்த பிறகும் அவர் அந்தத் தரைவீட்டை விடவில்லை. அப்பா இறந்த பிறகுதான் எங்களோடு வந்தார். எங்களுடையது ஏழாவது மாடியில் 850 சதுர அடி. மூன்று அறைகளில் ஒன்றை அவருக்குக் கொடுத்தோம்.

வரும்போது அவர் கொண்டு வந்தது இரண்டு துணிப்பை, ஒரு பிஸ்கட் தகர டின், ஒரு அட்டைப் பெட்டி. அட்டைப் பெட்டியில் முருகன், மாரியம்மன், முனியாண்டி படங்கள், ஒரு பித்தளைக் காமாட்சி விளக்கு, மணி, அப்பாவின் படம். இரண்டு மாதம் அந்தப் பெட்டி கட்டிலுக்கடியிலேயே இருந்தது. "எடுத்து வைக்கலாமேம்மா" என்று கேட்டால், "இருக்கட்டும் தம்பி. உங்க வீட்ல சாமி இருக்குல்ல" என்பார்.

எங்கள் சாமி வரவேற்பறைச் சுவரில், ஆளுயரத்தில் அடித்த சின்ன மரப்பெட்டியில் இருக்கிறார். நின்றுகொண்டு கும்பிட வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமைகளில் கையைக் கூப்பிவிட்டு அறைக்குப் போய்விடுவார். 'உங்க வீடு' என்ற அந்தச் சொல் என் மனைவியை என்னைவிட அதிகம் உறுத்தியது. "அத்தைக்கு அவங்க ரூம்லயே ஒரு சாமி மேடை வேணும். நாற்காலியில உட்கார்ந்து விளக்கேத்துற மாதிரி" என்று முடிவு சொன்னது அவர்தான்.

கடைகளில் கிடைக்கும் பூஜை அலமாரிகள் நின்று கும்பிடுகிறவர்களுக்காகச் செய்தவை, அல்லது சம்மணமிட்டு உட்காருகிறவர்களுக்காக. நாற்காலிக்காரர்களுக்கென்று ஒன்றும் கண்ணில் படவில்லை. மகளின் அறையில் பொம்மைகள் நிரம்பிக் கிடந்த நான்கு கட்ட அலமாரியை அப்போதுதான் புதுக் கண்ணோடு பார்த்தேன்.

அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துத் தரையிலிருந்து அவர் கண் வரை அளந்தேன்: 112 செ.மீ. அலமாரி 77. அதன் மேல் 30 செ.மீ. உயரப் படத்தை வைத்தால் சாமியின் முகம் 95 பக்கம் வரும். அம்மா குனிந்து பார்க்க வேண்டும். இன்னும் 15 செ.மீ. உயர்ந்தால் சரியாக இருக்கும். அந்த 15 செ.மீ. எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி.

பெட்டியின் உள்ளே என்ன இருக்கிறது

பெட்டியை மாற்றுவதற்கு முன் அது எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தடித்த பலகைபோல் தெரியும் அதன் மேல்தட்டு முழு மரம் கிடையாது. ஓரங்களில் சிப்போர்டுச் சட்டம். நடுவில் தேன்கூடுபோல் மடித்த காகித அட்டை. மேலும் கீழும் மெல்லிய நார்ப்பலகை. அதனால்தான் எடை குறைவு, விலையும் குறைவு. புத்தகத்துக்கும் துணிக்கும் இது போதும்.

விளக்குக்குப் போதாது. முதலில் சூடு. 33 செ.மீ. உயரக் கட்டத்துக்குள் விளக்கை வைத்தால் சுடருக்கு மேல் ஒரு சாண்கூட இருக்காது. அதற்கு மேலே இருப்பதோ காகிதம். விளக்கு கட்டத்துக்குள் போகவே கூடாது. திறந்த மேல்தட்டில்தான் இருக்க வேண்டும், அதுவும் பித்தளைத் தாம்பாளத்தில். திரைச்சீலை பக்கத்தில் இருக்கக் கூடாது. இரண்டாவது எண்ணெய். சிந்திய எண்ணெய் தட்டின் இணைப்பு வழியாக உள்ளே இறங்கினால் துடைக்க முடியாது. மூன்றாவது தண்ணீர். வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிற குடும்பத்தில் சிப்போர்டு தரையைத் தொட்டுக்கொண்டு நின்றால் அடிப்பக்கம் ஊறி உப்பிவிடும். ஒருமுறை உப்பினால் அது பழைய நிலைக்குத் திரும்பாது.

நடுவில் காகிதம் என்பதால் கால்களையும் அடித்தட்டில் நேரே திருகிவிட முடியாது; திருகாணி பிடிக்காது. ஆகவே, மேலே ஒரு முழு மரப்பலகை, கீழே இன்னொரு முழு மரப்பலகை, கீழ்ப்பலகைக்குக் கால்கள். பலகை ஒவ்வொன்றும் 2.5 செ.மீ. கனம், கால் 10 செ.மீ. கூட்டிப் பார்த்தால் சரியாக 15 செ.மீ.

எந்த மரம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நம் நாட்டில் நியாயமான விலையில் நல்ல பலகை என்றால் ரப்பர் மரம்தான்.

ரப்பர் இருந்த சாலை

ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே ஆயர் ஹீத்தாம், யோங் பெங் தாண்டி, பாகோ டோலில் வெளியேறினால் மூவார் ஊருக்குக் கொஞ்ச தூரம்தான். மொத்தம் இரண்டரை மணி நேரம். நெடுஞ்சாலையின் இரு பக்கமும் செம்பனை, செம்பனை, மறுபடியும் செம்பனை. யோங் பெங் தாண்டியதும் ஓரிடத்தில் கொஞ்சம் ரப்பர் மரங்கள் சாய்ந்த கோடுகளோடு நின்றன. பேசிக்கொண்டே வந்த அம்மா அங்கே மட்டும் பேச்சை நிறுத்தினார். பிறகு, "வெட்டு நடக்குது. மங்கு கவுத்து வைக்கல பாரு" என்றார். வெட்டாத மரத்தில் கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பது பழக்கமாம். நூற்றுப்பத்து கிலோமீட்டர் வேகத்தில் அது அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

ரப்பர் இந்த மண்ணுக்கு வந்தது 1877-இல். பிரேசில் விதையிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, இலங்கை வழியாகச் சிங்கப்பூருக்கு வந்தவை 22 கன்றுகள். அவற்றில் சில கோலகங்சாருக்குப் போயின. அங்கே ஒரு மரத்தை இன்றும் வேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள். மூவாருக்கு அடுத்த வீடான மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், 1896-இல் டான் சாய் யான் வணிகத்துக்காக ரப்பரைப் பயிரிட்டார். அதற்குப் பின் நடந்ததுதான் நம் பாட்டன் பூட்டன் கதை. கப்பலேறி வந்ததும், பிரட்டுக் களமும், தீம்பாரும், லயமும்.

பால் குறைந்த மரத்துக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றி நம்மில் அதிகம் பேர் யோசித்ததில்லை. ரப்பர் மரம் ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகள் வரை பால் தரும் வாழ்வு வாழும். பிறகு சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். சாய்த்த மரம் முன்பெல்லாம் விறகு. ரப்பர் சீட்டை உலர்த்தும் புகைக் கூடத்திலும் செங்கல் சூளையிலும் எரிந்தது; மிச்சம் தோட்டத்திலேயே கொளுத்தப்பட்டது. "எங்க அடுப்புலயும் அதான். நல்லா எரியும், ஆனா சீக்கிரம் உளுத்துப் போகும்" என்றார் அம்மா.

அவர் சொன்னதுதான் அறிவியலும். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். அறுத்த சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாயும், வண்டு துளைக்கும். போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் உள்ளே ஏற்றி, சூட்டறையில் உலர்த்தினால் இரண்டும் நிற்கும். கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம் உட்பட இங்குள்ளவர்கள் இதில் நிறைய உழைத்தார்கள். 1980-களில் ரப்பர் மரத் தளவாடம் ஏற்றுமதிப் பொருளாக எழுந்தது. வெளிநாட்டில் அதற்கு 'மலேசியன் ஓக்' என்று பெயர் சூட்டி விற்றவர்களும் உண்டு. காட்டை அழிக்காமல், ஒரு வேலையை முடித்துவிட்ட மரத்திலிருந்து கிடைப்பது என்பதால் வாங்குகிறவர்களுக்கும் உறுத்தல் இல்லை. இன்று மரத்துக்கே தட்டுப்பாடு. 2017-இல் அறுத்த ரப்பர்ப் பலகையை ஏற்றுமதி செய்ய அரசாங்கம் தடை போட்டது, உள்ளூர்த் தளவாடக்காரர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக.

கழிவுக் குவியலில் ஒரு பலகை

பட்டறை ஒரு தகரக் கொட்டகை. வாசலிலேயே மரத்தூள் வாசனை. தவுக்கேக்கு அறுபது வயதிருக்கும், பனியனோடு நின்றிருந்தார். பங்களாதேஷ் இளைஞர்கள் இருவர் இழைப்பு எந்திரத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அளவு எழுதிய தாளைக் கொடுத்தேன்: 80க்கு 42 ஒன்று, 77க்கு 39 ஒன்று, நான்கு கால்கள்.

அவர் எடுத்துப் போட்ட பலகை வெளிர் மஞ்சளாக, சீராக இருந்தது. உற்றுப் பார்த்தால் அது ஒரே பலகை இல்லை. இரண்டு கைகளின் விரல்களைக் கோத்ததுபோல் சின்னச் சின்னத் துண்டுகளைப் பல்லுக்குப் பல் பொருத்தி ஒட்டியிருந்தார்கள். ரப்பர் மரம் நீளமாக நேராகக் கிடைப்பதில்லை. கணு, கறை, வெட்டுத் தழும்பு எல்லாவற்றையும் அறுத்துத் தள்ளிவிட்டு நல்ல துண்டுகளை மட்டும் கோத்தால்தான் இந்தச் சீர் வரும். தள்ளியதும் வீணாவதில்லை. நம் நாட்டில் செய்யப்படும் சிப்போர்டுக்கும் நார்ப்பலகைக்கும் ரப்பர் மரமே முக்கிய மூலப்பொருள்.

நான் விலை பேசிக்கொண்டிருந்தபோது அம்மா பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து, ஓரத்தில் கிடந்த குவியலிடம் போயிருந்தார். அங்கே ஒரு பலகை, கோக்காத ஒரே துண்டுகளாக அகலவாக்கில் மட்டும் ஒட்டியது, ஒரு பக்கம் கறுத்த கோடோடு கிடந்தது. அம்மா அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, அது நல்லா இல்ல. ரிஜெக்ட்" என்றார் தவுக்கே மலாயில்.

"இது காயம், தவுக்கே. உளி உள்ள எறங்கிருச்சு" என்று அம்மாவும் மலாயிலேயே பதில் சொன்னார்.

பிறகு எனக்குத் தமிழில் விளக்கினார். பால் இருப்பது பட்டையில்; மரத்தில் இல்லை. உளி பட்டையைச் சீவி, மரத்தைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரம் காயப்படும். அந்த இடத்தில் பட்டை மறுபடி ஒழுங்காக வளராது, முண்டும் முடிச்சுமாகிவிடும். அதற்குள் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில், வெயில் ஏறுவதற்குள் நானூறு ஐந்நூறு மரம் வெட்டி முடிக்க வேண்டும். மண்டோர் வந்து காயத்தை எண்ணுவார். காயம் கூடினால் ஏச்சு. சில சமயம் சம்பளத்திலும் கைவைப்பார்கள்.

"யாரோ புதுசா வெட்டப் பழகுனவங்க" என்றார் அம்மா, கோட்டைப் பார்த்துக்கொண்டே. "இல்ல, அவசரம். பிள்ளைக்குக் காய்ச்சலா இருந்திருக்கும், சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு இருந்திருக்கும்."

தவுக்கே அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நாற்பது ஆண்டுகளாக இந்த மரத்தை அறுக்கிறவர். "நீங்க மரம் வெட்டுனவங்களா ஆன்ட்டி?" என்று கேட்டார். முப்பத்தொரு வருடம் என்றார் அம்மா. தன் அம்மாவும் பக்ரியில் சொந்தமாக மூன்று ஏக்கரில் வெட்டியவர்தான் என்றார் அவர். பிறகு இருவரும் ஒட்டுப்பால் நாற்றத்தைப் பற்றிப் பேசிச் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் சட்டையில்கூட அந்த நாற்றம் ஏறியிருக்கும் என்பது இருவரின் அனுபவமும்.

மேல்பலகைக்கு அந்தக் காயம்பட்ட துண்டே வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். கோடு இருக்கிறதே என்றேன். "இருக்கட்டும். சாமி பார்க்கட்டும்" என்றார். நல்ல பலகைக்கு அறுபது வெள்ளி சொன்ன தவுக்கே அதற்கு இருபதுதான் வாங்கினார். ஓரங்களை இலவசமாக உருட்டித் தரச் சொன்னார்.

அறுக்கும் வரை ஊருக்குள் போய்ச் சாப்பிட்டோம். மீ பண்டோங் என்ற பெயருக்கும் இந்தோனேசிய நகருக்கும் தொடர்பில்லை. சேர்த்துக் கலந்தது என்ற பொருள்தான். காய்ந்த இறாலும் மிளகாயும் அரைத்த கெட்டிக் குழம்பு, மேலே அரைவேக்காட்டு முட்டை. பல கடைகளில் மாட்டிறைச்சி சேர்ப்பார்கள். சாப்பிடாதவர்கள் இறால் மட்டும் போடச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம். பிறகு தஞ்சோங் எமாஸ் பக்கம் காரை நிறுத்தி ஆற்றைப் பார்த்தோம். அம்மா கண்ணை மூடிக் காற்று வாங்கினார்.

பூட்டிய விதம்

அதே மாதிரி செய்ய நினைப்பவர்களுக்காக விவரம் சொல்கிறேன். பலகை இரண்டையும் 120, பிறகு 240 எண் உப்புத்தாளால் தேய்த்தேன். தேங்காய் எண்ணெய் தடவலாம் என்றார் அம்மா. அது உலராது, பிசுபிசுக்கும், தூசி ஒட்டும். காய்ந்து இறுகும் தெளிந்த வார்னிஷ் மூன்று கை பூசினேன். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே ஒருநாள். கால்கள் கீழ்ப்பலகையின் நான்கு மூலையிலும், அலமாரியின் பக்கப் பலகைகளுக்கு நேர் கீழே வருகிறமாதிரி வைத்தேன். எடை முழுவதும் அந்தப் பக்கப் பலகைகள் வழியாகத்தான் இறங்கும். நடுவில் கால் வைத்தால் காகிதத்தின் மீது சுமையேற்றுவது போலாகும்.

மேல்பலகையை இறுக்கும் திருகாணிகளை அலமாரியின் உள்ளிருந்து மேல்நோக்கி ஓட்டினேன். தட்டின் விளிம்பிலிருந்து இரண்டு செ.மீ.க்குள் மட்டும், அங்கேதான் கெட்டிச் சட்டம் இருக்கிறது. திருகாணி நீளம் 50 மி.மீ. தட்டின் கனம் போக ஒரு செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாகப் பலகைக்குள் போகும். மேலே முனை தெரியாது. கடைசியாக, அலமாரியைச் சுவரோடு பிணைத்தேன். கால் வைத்து உயர்த்திய எந்த அலமாரியும் பிடித்து எழுந்திருக்கும் முதியவர் கையிலும் ஏறி விளையாடும் பிள்ளை கையிலும் சாய்ந்துவிடும். சுவரில் துளையிட்டு இரும்பு மடிப்பால் பிணைப்பதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

நான்கு கட்டங்களில் ஒன்றுக்குக் கதவு போட்டோம்: எண்ணெய், திரி, கற்பூரம், தீப்பெட்டி. ஒன்றில் அம்மாவின் வெற்றிலைப் பெட்டியும் ஞாயிறு பத்திரிகைகளும். கீழே ஒன்றில் என் மகள், யாரும் கேட்காமலேயே, தன் வண்ணப் பென்சில்களைக் கொண்டுவந்து வைத்தாள். பள்ளிப் பாடத்தைப் பாட்டி அறையில்தான் செய்வாளாம்.

நான்காவது கட்டத்துக்கு அம்மா பிஸ்கட் டின்னைத் திறந்தார். துணியில் சுற்றி அவருடைய பால்வெட்டு உளி இருந்தது. கைப்பிடி கறுத்து வழவழப்பாகியிருந்தது. ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வரும் பொருள் அது. இப்போது தன் இடத்தில் இருக்கிறது, மேலே ஒரு சாண் தூரத்தில் அந்தக் காயக்கோடு.

வீட்டுக்கு வீடு வேறு பெட்டி

எங்கள் மாடியிலேயே இதே அலமாரி இன்னும் மூன்று வீடுகளில் இருப்பதைப் பிறகுதான் கவனித்தேன். எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்தில் அதைப் படுக்கப்போட்டுத் தொழுகை விரிப்புகளையும் தெலுக்குங்கையும் மடித்து வைத்திருக்கிறார்கள். கோடி வீட்டுச் சீன அக்காள் மூதாதையர் பலகைக்குக் கீழே வைத்து, சிவப்புக் கதவு போட்டிருக்கிறார். மாடிப்படி ஓரத்துத் தமிழ்த் தம்பதி தையல் எந்திரத்துக்கு மேசையாக்கி, கட்டங்களில் நூல்கண்டுகளை நிறம் பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். பெட்டியின் அளவு ஒன்றுதான். எந்த உயரத்தில் வைக்க வேண்டும், எதற்குக் கதவு வேண்டும், எது கண்ணில் பட வேண்டும் என்பதை அந்தந்த வீட்டில் வாழ்கிறவர்கள் தீர்மானித்திருக்கிறார்கள்.

மாற்றம் செய்ய நினைப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முன் அளவு டேப்பை எடுங்கள். சுவரை அளப்பதற்கு முன் அந்தப் பெட்டியைப் பயன்படுத்தப் போகிறவரை அளந்து பாருங்கள். உட்கார்ந்தால் கண் எங்கே, கை எங்கே எட்டுகிறது, எழுந்திருக்கும்போது எதைப் பிடிக்கிறார் என்று பாருங்கள். மற்ற கணக்கெல்லாம் அதிலிருந்து வரும்.

மூவார் போவதானால் சனிக்கிழமை காலையில் போங்கள். ஞாயிறன்று பல பட்டறைகள் அடைத்திருக்கும். குவியலில் கிடக்கும் பலகைகளையும் புரட்டிப் பாருங்கள். தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். எங்கள் அம்மா இப்போது அடுத்த பயணத்துக்கு நாள் கேட்டுக்கொண்டிருக்கிறார். "நம்ம வீட்டு வாசல்ல செருப்பு மாட்ட உட்கார ஒரு பெஞ்சு வேணும் தம்பி. தவுக்கேகிட்ட நல்ல பலகை இருக்கும்" என்கிறார்.